கோரைச் சிலுவையும் ஒரு பூட்டும்

அயர்லாந்தின் மேற்குக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், அவ்வூர்ப் பங்குத்தந்தை உடல்நலம் குன்றி ஓய்வில் இருந்த காலத்தில், அவருக்குப் பதிலாக ஓராண்டு பணியாற்றும் பொறுப்பு நமக்கு அளிக்கப்பட்டிருந்தது. 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதி வாரத்தில் ஒரு நாள், பங்குப்பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் புதிய பூட்டு ஒன்றைக் கையில் ஏந்தியவராய்ப் பங்கு இல்லத்திற்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தை அடுத்துப் புனித பிரிஜித்தின் பெயரைத் தாங்கிய நீரூற்று ஒன்று உண்டு. சுற்றிலும் ஆளுயரக் கல்மதில். அதற்கு ஓர் இரும்புக் கதவு. 31-ஆம் நாள் இரவு அக்கதவைப் பூட்டிவிட வேண்டும் என்பதே அவரது வேண்டுகோள். முந்திய ஆண்டு அதே இரவில் சிலர் அங்குக் கூடி, தீ மூட்டி, 'இம்போல்க்' என்னும் பழங்காலக் கெல்டியர் விழாவைக் கொண்டாடினார்களாம். "புனிதையின் இடத்தைத் தேவதைக்குக் கொடுக்கலாமா, ஃபாதர்?" என்று அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. பூட்டை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தோம்.

வாசக அன்பர்களுக்கு ஒரு விளக்கம். நம் இல்லங்களில் 'புனித பிரிஜித்தாவின் பதினைந்து செபங்கள்' என்று ஒரு சிறு நூல் வழங்குகிறது. அச்செபங்கள் யாருடையவை என்று சொல்லப்படுகின்றனவோ அவர் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவீடன் நாட்டுப் புனிதை. நாம் இங்குக் குறிப்பிடுபவர் அவரல்லர். அவருக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் முற்பட்டவர். கில்டேர் என்னுமிடத்தில் துறவு மடம் நிறுவி, மரபுவழிச் செய்தியின்படி 525-ஆம் ஆண்டளவில் இறந்தவர். அயர்லாந்து மக்களுக்குப் புனித பேட்ரிக் தந்தை என்றால் பிரிஜித் தாய். அவர் திருநாள் பிப்ரவரி முதல் நாள். இம்போல்க் விழாவின் நாளும் அதுவே. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பழைய ஐரிஷ் மக்கள் ஆண்டை நான்கு விழாக்களால் பகுத்திருந்தனர். நவம்பர் முதல் நாள் சாவின், பிப்ரவரி முதல் நாள் இம்போல்க், மே முதல் நாள் பெல்டைன், ஆகஸ்டு முதல் நாள் லூனசா. அவர்கள் கணக்கில் நாள் முந்திய மாலையிலேயே தொடங்கிவிடும். நம் திருவழிபாட்டில் பெருவிழாக்கள் முந்திய மாலையிலேயே தொடங்குவது போல. 900-ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் சொல்லகராதி இவ்விழாவை 'ஓயிமெல்க்' என்று குறித்து, பெண்ணாட்டின் பால் எனப் பொருள் உரைக்கிறது. 'வயிற்றினுள்' என்று பொருள் காண்பாரும் உளர். சொல்லாராய்ச்சி எதுவாயினும், குளிர்காலம் முடியும் தறுவாயில் சினைச் செம்மறிகள் மடி விடத் தொடங்கும் காலம் இது என்பதில் ஐயமில்லை.

இதை நூலில் படித்தபோது நமக்கு எதுவும் தோன்றவில்லை. பங்கில் வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவருக்கு நற்கருணை எடுத்துச் சென்றபோதுதான் பொருள் விளங்கிற்று. அவர் கணப்பருகே அமர்ந்து கோரைப்புல்லால் சிலுவை பின்னிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சதுரம், அதிலிருந்து நான்கு கைகள், நுனிகளில் நூல்கட்டு. கோரையை அரிவாளால் அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்றார். பிரிஜித் ஒருமுறை சாகக் கிடந்த ஒரு தலைவனின் அருகே அமர்ந்து, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துப் பின்னியவாறே சிலுவையின் பொருளை அவனுக்கு விளக்கினார் என்பது கதை. வீட்டு விட்டத்தில் ஆண்டுக்கு ஒன்றாகச் செருகிய பழைய சிலுவைகள் புகையேறிக் கறுத்திருந்தன. சன்னலுக்கு வெளியே வேலிச்செடியின் மீது ஒரு வெள்ளைத் துணி. அன்றிரவு பிரிஜித் அவ்வழியே நடந்து செல்வார். பனி நனைத்த அத்துணியை எடுத்து வைத்து, தலைவலிக்கும் ஈனும் ஆட்டிற்கும் ஆண்டு முழுவதும் பயன்படுத்துவார்களாம்.

அவருடைய மகன் நம்மைப் பட்டிக்கு அழைத்துச் சென்று, மடி கனத்து நின்ற ஓர் ஆட்டைக் காட்டினார். முன்னாளில் பிரிஜித் திருநாளன்று உழவர் தம் வைக்கோற்போரைப் பார்வையிடுவர். பாதி எஞ்சியிருந்தால் பிழைத்தோம் என்று பொருள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் அந்நாட்டில், தானியம் குறைந்து, மாடு வறண்டு, திங்கள் கணக்கில் குழந்தைகள் பாலின்றிக் கிடந்த வீடுகளில், முதல் சீம்பால் எப்படி வரவேற்கப்பட்டிருக்கும்! விழா என்பது அங்கே அலங்காரமன்று. உயிரோடு இருக்கிறோம் என்ற செய்தி.

நாம் விடைபெற எழுந்தபோது அந்த அம்மையார், "ஊற்றுக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறீர்கள், ஃபாதர்? விடியுமுன் நான் தண்ணீர் எடுக்க வேண்டுமே" என்றார். ஊர் சிறிது, செய்தி அதற்குள் பரவிவிட்டிருந்தது. நாம் விடை சொல்லாமல் வந்தோம்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாளில், திருத்தந்தை பெரிய கிரகோரியார் 601-ஆம் ஆண்டு மெல்லிட்டஸ் என்னும் மடாதிபதிக்கு எழுதிய மடலைப் படித்திருந்தோம். ஆங்கிலேயரின் கோவில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடங்கள் எழுப்புங்கள், அவர்கள் மாடு வெட்டி உண்ணும் நாள்களை மறைசாட்சியரின் விழாக்களாக மாற்றுங்கள் என்பது அதன் சாரம். தேர்வில் அதைப் பாராட்டி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் மாற்றப்பட்ட விழாவைப் பழைய உரிமையாளரின் பெயரால் ஒருவர் திரும்பக் கேட்டு வந்தால் என்ன செய்வது என்று அம்மடலில் இல்லை.

திரும்பக் கேட்பவர் கையிலும் பத்திரம் தெளிவாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிஜித் என்பவர் பெயர் மாற்றப்பட்ட ஒரு தேவதையே என்று இன்று பலர் உறுதியாக எழுதுகின்றனர். புலவர்கள் வழிபட்ட பிரிஜித் என்னும் தேவதையைக் குறிப்பிடுவது மேற்சொன்ன கோர்மாக்கின் அகராதி. புனிதையின் வரலாற்றைக் கோகிட்டோசஸ் எழுதியதோ 7-ஆம் நூற்றாண்டில். அதாவது, ஐரிஷ் ஏடுகளில் தேவதையைவிடப் புனிதையே மூத்தவர். கிறிஸ்தவத்திற்கு முந்திய இம்போல்க்கில் என்ன சடங்கு நடந்தது என்று கூறும் ஏடு ஒன்றும் இல்லை. நமக்குக் கிடைத்தவை எல்லாம் துறவியர் கைப்படிகளே. ஆண்டுக்கு எட்டு விழாக்கள் கொண்ட சக்கரம் என இன்றைய பேகன்கள் கொண்டாடுவது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் உருவெடுத்த அமைப்பு. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் இம்போல்க்கை ஆகஸ்டில் கொண்டாடுகிறார்கள். குளிர்காலம் அங்கே அப்போதுதானே முடிகிறது! நாம் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவர்கள் நம் கிறிஸ்துமஸ் பனிச்சித்திரங்களைவிட நேர்மையாக இருக்கிறார்கள்.

மறுபுறம், தீ எவருடையது? கில்டேரில் பிரிஜித்தின் அணையா நெருப்பைப் பத்தொன்பது கன்னியர் முறைவைத்துக் காத்ததாகவும், இருபதாம் இரவு பிரிஜித்தே காத்ததாகவும் 12-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதினார். பின்னர் அது அணைந்தது. 1993-இல் அதை மீண்டும் ஏற்றியவர்கள் பிரிஜித்தின் பெயரால் 1807-இல் தொடங்கப்பட்ட சபையின் அருள்சகோதரியரே. இன்று அதனருகே செபிக்க வருபவர்களுள் ஞாயிறு திருப்பலிக்கு வருபவரும் உண்டு, வராதவரும் உண்டு.

இவ்வளவையும் எண்ணியவாறே 31-ஆம் நாள் மாலை ஆறு மணியளவில் பூட்டும் கையுமாக ஊற்றை நோக்கி நடந்தோம். பூட்டும் எண்ணத்தோடுதான் சென்றோம், அதை மறைப்பதற்கில்லை.

அங்கே பன்னிரண்டு பேர் இருந்தனர். பெரும்பாலோர் பெண்கள், இரண்டு சிறுவர்கள். சிறு இரும்புத் தட்டில் நெருப்பு. ஒருவர் குவளைப் பாலை ஊற்றின் கல்லில் ஊற்றினார். மற்றொரு பெண் தாளைப் பார்த்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். மந்திரம் என்றே முதலில் நினைத்தோம். செவி பழகியபின் அவை பெயர்கள் என்று தெரிந்தது. பெயரும் வயதும்: நான்கு மாதம், பதினோரு நாள், இரண்டு ஆண்டு.

டுவாம் நகரில் அருள்சகோதரியர் நடத்திய, மணமாகாத தாய்மாருக்கான இல்லத்தில் 1925 முதல் 1961 வரை இறந்த 796 குழந்தைகளின் பெயர்களை, கேத்தரின் கோர்லஸ் என்னும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் இறப்புப் பதிவேடுகளிலிருந்து திரட்டியிருந்தார். 2014-இல் அச்செய்தி உலகெங்கும் பரவியது. இத்தகைய இல்லங்களை ஆராய்ந்த அரசு ஆணையம் 2021 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, தான் ஆராய்ந்த நிறுவனங்களில் மட்டும் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்ததாகக் கூறுகிறது. டுவாமில் அகழ்வுப் பணி 2025-இல்தான் தொடங்கியது. அப்பெயர்களில் சிலவற்றைத்தான் அன்றிரவு அவர்கள் படித்தார்கள். பாலை ஊற்றியதும் அதற்காகவே.

நம் கழுத்துப்பட்டையைக் கண்டதும் படித்தவர் நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். "எங்களை அனுப்பிவிட வந்தீர்களா?" என்று கேட்டார். கையில் பூட்டு இருந்தது. பொய் சொல்ல வழியில்லை. "ஆம், இனி இல்லை" என்றோம். அவர் சிறிது நேரம் கழித்து, தாம் நம் ஆலயத்தில்தான் திருமுழுக்குப் பெற்றதாகவும், தம் தாய் அத்தகைய இல்லம் ஒன்றில் முதல் மகனைப் பெற்று இழந்தவர் என்றும், அதன்பின் அந்தத் தாய் இறக்கும்வரை ஆலயத்தில் கடைசி வரிசையைத் தாண்டி அமர்ந்ததில்லை என்றும் கூறினார். "இந்த ஊற்றிடம் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை" என்றார்.

தேவதை வழிபாட்டை நாம் ஏற்பதில்லை. அதை அவரிடம் சொன்னோம். அவர் தலையசைத்தார். தேவதையா புனிதையா என்று தமக்கே தெரியாது என்றும், தெரிந்துகொள்ளாமலேயே வருவதாகவும் சொன்னார். நம் இளமையில் கற்ற ஞானோபதேசம் இவரைப் போன்றோரை 'அஞ்ஞானி' என்ற ஒரே சொல்லில் முடித்திருக்கும். அச்சொல் அப்போது நாவில் வரவில்லை. தாளில் எஞ்சியிருந்த பெயர்களை அவர் படித்து முடிக்கும்வரை மதிலுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னோம். குளிரில் விரல்கள் மரத்துப்போயின. செபமாலையின் மணிகளை எண்ண முடியவில்லை.

மறுநாள் திருப்பலியில் கோரைச் சிலுவைகளை மந்திரித்தோம். கைம்பெண் அம்மையார் விடியலில் எடுத்த தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. மரியா கோவிலுக்குச் சென்றபோது கூட்டத்தின் பார்வை அவர்மேல் விழாதபடி பிரிஜித் தலையில் மெழுகுதிரிகளைச் சூடி முன்னால் நடந்தார். அதனால் மரியா தம் நாளுக்கு முந்திய நாளைப் பிரிஜித்துக்குக் கொடுத்தார் என்று அவ்வூரில் ஒரு கதை உண்டு. இருவருக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகள் இருப்பது கதை சொல்பவர்களுக்கு ஒரு பொருட்டன்று. மாலை மெழுகுதிரி மந்திரிப்பின்போது அந்தப் பெண் ஆலய முகப்பில், கதவுக்கு வெளியே நிற்கக் கண்டோம். நற்கருணை வாங்க வரவில்லை. எரியும் திரி ஒன்றைப் பெற்றுக்கொண்டு, காற்றில் அணையாதபடி கையால் மறைத்தவாறு சென்றார்.

பிப்ரவரி 6 திங்கட்கிழமை, பிரிஜித் நாளுக்காக அந்நாட்டில் முதன்முறையாக அரசு விடுமுறை. பேரவை உறுப்பினர் வந்து பூட்டைத் திரும்பக் கேட்டார். கொடுத்தோம். நம்மேல் அவருக்கு வருத்தம் முற்றும் தீர்ந்ததென்று சொல்ல இயலாது. தவக்காலம் முழுவதும் கைகொடுக்கும்போது சற்று விறைப்பாகவே இருந்தார். நாம் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் அந்தப் பூட்டு அவருடைய ஆட்டுப்பட்டிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு கோரைச் சிலுவை.