மீதி 75 நாள்

1983-ல் நான் முதல்முறை முழுகாமல் இருந்தபோது, வீடு கரிவலம்வந்தநல்லூரில், வேலை சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில். பஸ் வாடையும் சாக்பீஸ் தூளும் குமட்டும். அத்தை தினமும் உப்பு நார்த்தங்காய்த் துண்டைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள்.

அந்நாளில் அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 90 நாள்தான். முன்னால் எத்தனை நாள் எடுக்கிறோமோ, பிள்ளையோடு இருப்பதில் அத்தனை நாள் குறையும். வளைகாப்புக்கு மறுநாளும் பள்ளிக்கூடம் போனேன். கரும்பலகையில் எழுத எழுத வளையல் குலுங்கும், பிள்ளைகள் சிரிக்கும். பிரசவத்துக்கு 15 நாள் முன்புதான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மீதி 75 நாள் பிள்ளைக்கு.

"வேலைய விட்ருவியாட்டி?" என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. பள்ளிக்கூட வாசலே மிதிக்காத அத்தைதான் பதில் சொன்னார்கள்: "அவ ஏன் விடணும்? பிள்ளைய நான் பாக்கேன்."

இரண்டரை மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். மூன்றாவது பீரியடில் பால் கட்டி ரவிக்கை நனையும். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்துவேன். அந்நேரம் வீட்டில் பிள்ளை அத்தை மடியில் அழுதுகொண்டிருக்கும்.

தமிழகத்தில் அந்த விடுப்பு 2011-ல் 6 மாதம், 2016-ல் 9 மாதம், 2021 ஜூலை முதல் 12 மாதம் என்று வளர்ந்தது. கேட்கவே மனசு நிறைகிறது. ஆனால் இங்கே தறிக்குத் தினக்கூலியாகப் போகும் பெண்களுக்குப் பிள்ளை பெற்றிருக்கும் நாளெல்லாம் கூலியில்லா நாள்தான். அவர்களுக்கு இன்றும் ஓர் அத்தைதான் துணை.