மழை வேண்டும், காற்று வேண்டாம்!

ஓணத்துக்கு நேந்திரங்காய் வறுவலைக் கொறிக்கும்போது, அந்தக் காய் சித்திரை மாதத்தில் எத்தனை பேரைத் தூங்கவொட்டாமல் அடித்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா? தெரிந்துகொள்ள வேண்டுமானால் குலசேகரத்துக்குத்தான் போக வேண்டும்.

நாகர்கோவிலில் பஸ் ஏறித் தக்கலையைத் தாண்டினால், நாஞ்சில் நாட்டு வயல்கள் மறைந்து, மேடும் பள்ளமுமாக மலையடிவாரம் தொடங்கிவிடுகிறது. வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். நடுநடுவே சின்னஞ்சிறு தோட்டங்கள். இவற்றுக்கு இந்தப் பக்கத்தில் 'விளை' என்று பெயர். திற்பரப்பு அருவியும், 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் அருகிலேயே இருப்பதால், வருகிறவர்கள் விளையை எட்டிப் பார்ப்பதில்லை.

நான் பார்த்த விளை அரை ஏக்கர்தான் இருக்கும். விஷுக் கணிக்கான பொன்னிற வெள்ளரி சந்தைக்குப் போய்விட்டது. பந்தலில் புடலையும் பாகலும் தொங்குகின்றன. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாவிட்டால் பயற்றங்கொடி துவண்டுவிடும். மாசியில் நட்ட சேனைக் குழிகளில், ஈரம் காயாமலிருக்கச் சருகு மூடியிருக்கிறது. மர நிழலில் மரச்சீனிக் கம்புகள் கட்டுக் கட்டாகக் காத்திருக்கின்றன. கோடை மழை விழுந்ததும் சாண் நீளத்துக்கு நறுக்கி, மண்ணைக் கூட்டி நட வேண்டும்.

மரச்சீனி என்றால் நம் மரவள்ளிதான். திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-ல் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழை வீடுகளில் அடுப்பெரிய வைத்தது இந்தக் கிழங்கே. சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். கிழங்கின் நச்சு போக அதுதான் வழி. பிறகு காந்தாரி மிளகாய்த் துவையலோடு சாப்பிட்டால் அதன் ருசியே தனி!

ஆனால் விளைக்காரர்களின் உயிர் இருப்பது ஏத்தன் வாழையில். ஐப்பசி வாக்கில் நட்டது இப்போது குலை தள்ளும் சமயம். ஆவணி ஓணச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். சித்திரை மழையோ தனியாக வருவதில்லை. இடியையும் காற்றையும் துணைக்கு அழைத்து வருகிறது. குலையின் பாரத்தில் நிற்கும் வாழை ஒரே வீச்சில் முறிந்துவிடும். பாட்ட நிலமென்றால், குலை விழுந்தாலும் பாட்டப் பணம் நிற்காது.

"மழை இல்லேண்ணா மரச்சீனி இல்ல, காத்து அடிச்சா வாழை இல்ல. ரெண்டையும் ஒரே தெய்வத்துக்கிட்டதானே கேக்கணும், மக்களே!" என்றார் விளைக்கார அம்மாள். பேசிக்கொண்டே ஒரு வாழைக்கு முட்டுக் கம்பு நிறுத்திக் கயிற்றை இறுக்கினார். கம்புக்கும் கயிற்றுக்கும் ஆன செலவு குலை விற்ற பிறகுதான் திரும்பும்.

நான் விடைபெற்றபோது மலைப்பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது. இன்னும் ஒன்பது வாழைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.