முற்றிய நாற்று

காவிரிப் படுகைக்காரனுக்குக் காலம் என்பது தத்துவ விஷயம் அல்ல, நாற்றின் வயது. குறுவை நாற்றை 25 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் தாமதித்தால் நாற்றங்காலிலேயே முற்றிப்போகும். முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது.

சுண்டெலி மூளை பற்றிய ஒரு ஆய்வைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தப் பாஷைதான் கைகொடுத்தது. ஸின்கேப்-1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகிப் பிறந்த குட்டிகள். பிறந்த இரண்டாவது வாரம், கண் திறக்கிற சமயம், ஒரு நரம்பணு இன்னொன்றைத் தொடும் சந்திகள் இன்னும் இளசாக இருக்க வேண்டும். இவற்றில் அதற்குள் முற்றிவிடுகின்றன. பிஞ்சில் பழுத்த மூளை. பிறகு ஓயாத ஓட்டம், வலிப்பு, கற்றது தங்காமை. அமெரிக்காவில் கேவின் ரம்பா குழுவினர் 2012-ல் இதை வெளியிட்டார்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜேம்ஸ் கிளெமென்ட் பிற்பாடு பெங்களூர் ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் இதே பிறழ்வு கொண்ட எலிகளிலேயே ஆய்வைத் தொடர்ந்தார். வளர்ந்த எலியில் பழுதைச் சரிசெய்தும் நடத்தை மாறவில்லை என்றது அந்தக் கட்டுரை.

என் அக்கா மகனுக்கும் இதே மரபணுவில்தான் பிறழ்வு. 16 வயது. பேச்சு நான்கைந்து சொற்கள். 'பருவம் தப்பிவிட்டது' என்று அக்காவிடம் ஒரு மருத்துவர் சொன்னார். அந்த வாக்கியத்தில் விஞ்ஞானம் கொஞ்சம், ஜாதகம் நிறைய. நம் எழுத்துக்கும் இந்த ருசி உண்டு. எல்லாம் விதையிலேயே முடிந்துவிட்டது என்ற சோகம் ஒரு வாக்கியத்துக்குச் சுலபமாகக் கம்பீரத்தைக் கொடுத்துவிடுகிறது.

2019-ல் அதே குழு மறுபடி பார்த்தது. வளர்ந்த எலிகளில் அந்தப் புரதத்தை மீட்டபோது, வலிப்பு சார்ந்த மூளை அலைக் கோளாறு குறைந்தது; ஒருவகை நினைவு மேம்பட்டது. எல்லாம் அல்ல, சில. எலியில் நடந்தது பையனுக்குச் சிகிச்சையாகிவிடாது என்பதும் தெரிந்ததுதான். ஆனால் 'தப்பிவிட்டது' என்ற வினைமுற்று நிற்கவில்லை.

முற்றிய நாற்றை எங்கள் பக்கம் யாரும் வரப்பில் எறிந்துவிடுவதில்லை. குத்துக்கு இரண்டு வைக்கிற இடத்தில் நான்கு வைத்து, நெருக்கி நடுவார்கள். மகசூல் குறையும். வயல் தரிசாகக் கிடக்காது.

அக்கா இப்போது அவனுக்குத் 'தண்ணி' என்ற சொல்லைப் பழக்குகிறாள். நாளைக்கு நூறு தடவையாவது சொல்கிறாள்.