கூந்தன்குளத்து நாரையும் மூன்று கழகங்களின் விதியும்

ஒளிப்படக் கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கேமராவின் வளர்ச்சியையே அச்சாணியாகக் கொள்கின்றனர். எனினும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராத உறுப்பினர்களைக் கடல் கடந்து ஒரே குடையின்கீழ் நிறுத்திய கழகங்களை உற்று நோக்கினால், அவற்றைத் தாங்கி நின்றது அஞ்சலில் வந்து சேர்ந்த இதழே என்பது புலப்படும். பாரிஸில் 1851இல் கூடிய ஹெலியோகிராஃபிக் கழகம் அவ்வாண்டிலேயே 'லா லுமியேர்', அதாவது 'ஒளி', என்னும் இதழையும் கையோடு தொடங்கியது. அக்கழகம் நடந்த முறையைக் கண்டு திரும்பிய ரோஜர் ஃபென்டன் என்னும் சட்டம் படித்த ஓவியர், இங்கிலாந்துக்கும் அத்தகையதொன்று வேண்டும் என்று வாதிட்டு, 1853 ஜனவரி 20 அன்று லண்டனில் உருவான ஒளிப்படக் கழகத்தின் முதல் செயலாளரானார். பின்னர் 1894இல் அரச கழகம் என்னும் பட்டம் பெற்ற அந்த அமைப்பின் இதழ் அதே 1853 மார்ச்சில் வெளிவரத் தொடங்கி இன்றளவும் நின்றுவிடாமல் வருகிறது என்பதை, மூன்றாம் இதழோடு மூச்சடங்கும் சிற்றிதழ்களைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகர் சற்றே பொறாமையுடன் படிக்கக்கூடும்.

இக்கழகங்களில் வழங்கிய 'அமெச்சூர்' என்னும் சொல்லுக்குக் கற்றுக்குட்டி என்று பொருளில்லை. பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகப் படமெடுப்பவர் என்பதே பொருள். அத்தகையோர் கூடுவதற்கே முதலில் ஒரு தடை இருந்தது. காகித நெகட்டிவ் முறையைக் கண்டறிந்த ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1841இல் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1852இல், காசுக்கு உருவப்படம் எடுக்கும் தொழிலை மட்டும் விலக்கி ஏனைய பயன்களுக்கு அவர் அதைத் தளர்த்திய பிறகே கழகம் அமைவது எளிதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக்கரைசலைப் பூசிப் படமெடுக்கும் முறையை, எவ்வுரிமையும் கோராமல் ஒரு வேதியியல் இதழில் எழுதி ஊரறியச் செய்திருந்தார் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர். ஆகவே தொழில் மறைபொருளைப் பொதுவில் வைப்பதே இவ்வமைப்புகளின் முதல் அறமாயிற்று. வெள்ளி நைட்ரேட் எவ்வளவு, ஊறவைக்கும் நேரம் எவ்வளவு என்று அக்கால ஒளிப்பட இதழ்கள் பேசிய பேச்சு, கைப்பக்குவம் சொல்லும் பாட்டிமாரின் பேச்சுக்கு வெகு தொலைவில் இல்லை.

லண்டனைப் பார்த்து இந்தியா வெகுகாலம் கழித்தே விழித்துக்கொண்டது என்று பிரிட்டனில் உள்ளோர் எண்ணுவதுண்டு, அவ்வெண்ணம் தவறு. பம்பாயில் 1854இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856இலும் ஒளிப்படக் கழகங்கள் எழுந்தன. சென்னையில் அதற்கு வித்திட்ட அலெக்சாண்டர் ஹண்டர், அந்நகரின் ஓவியக் கல்லூரியை 1850இல் தொடங்கிய மருத்துவர். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப், வெயிலையும் பயணத்தையும் தாங்கும் மெழுகுத்தாள் நெகட்டிவுகளைச் சுமந்து மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை என்று திரிந்து, 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டிப் பத்தொன்பது அடிக்கும் மேல் நீண்ட ஒரே படமாக்கினார். ஆளுநர் டிரெவெல்யன் இது ஆடம்பரச் செலவு என்று 1860இல் அப்பணியை முடித்துவைத்தது வேறு கதை. சோழன் வெட்டிய எழுத்தைப் படிக்க அவ்வளவு நீளத் தாள் தேவைப்பட்டது என்பதே போதும்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கழகங்கள் இருவேறு வழிகளில் நாடு கடந்தன. 1934இல் பிறந்த அமெரிக்க ஒளிப்படக் கழகம் அயல்நாட்டவரைத் தனித்தனி உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மோரிஸ் வான் டி வையரின் முயற்சியால் 1950இல் பெர்ன் நகரில் முதல் மாநாட்டைக் கூட்டிய ஃபியாப் என்னும் பன்னாட்டு ஒளிப்படக்கலைக் கூட்டமைப்போ, நாட்டுக்கொரு கழகத்தை உறுப்பாக்கிற்று. பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளும் எழுத்துகளும் வளர்ச்சிக்கு உரமாயின. பிரிட்டனின் அரச கழகத்தில் பத்துப் படங்களுக்கு முதல் நிலை, பதினைந்துக்கு இரண்டாம் நிலை என்று தகுதிகள் உண்டு. அவற்றைப் பெற்றவர் கோவையிலும் பெங்களூரிலும் பலர். எனினும் எழுத்துகளைவிட நெஞ்சைத் தொடுவது, பிரிட்டனில் நெடுங்காலம் வழங்கிவரும் சுற்றஞ்சல் முறையே. ஒரு பெட்டியில் படங்களும் ஒரு குறிப்பேடும் உறுப்பினர் வீடு வீடாக அஞ்சலில் செல்லும். ஒவ்வொருவரும் பிறர் படத்துக்கு விமர்சனம் எழுதி, தம் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவர். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய தமிழ்ச் சிற்றூர் இளைஞர்கள் இதைக் கண்டிருந்தால், நம்முடையதை யார் இங்கே கொண்டுவந்தது என்றே கேட்டிருப்பர்.

இவ்வளவு பரந்த கூட்டத்துக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்ற தேவையிலிருந்தே, இவ்வாரம் பிரிட்டனின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர்க் கழகத்தில் மனக்கசப்பு விளைவித்த விதி பிறந்தது. ஃபியாப், அமெரிக்கக் கழகம், பிரிட்டனின் அரச ஒளிப்படக் கழகம் ஆகிய மூன்றும் ஒத்துக்கொண்டு 2015 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இயற்கைப் படத்துக்கான வரையறை அது. அதன்படி, மனிதர் செய்த பொருள் எதுவும் படத்தில் இருத்தலாகாது. வீட்டு விலங்கும், பயிரிட்ட செடியும், கலப்பினத் தாவரமும், பதம்செய்து வைத்த உடலும் ஆகா. படத்தின் ஓரத்தை வெட்டலாமேயன்றி உள்ளிருக்கும் ஒன்றை அழிக்கவோ புதிதாகச் சேர்க்கவோ கூடாது. ஆய்வாளர் பறவையின் காலில் மாட்டிய வளையம் குற்றமன்று. இக்கழகங்களில் இதனைச் சுருக்கமாக 'மனிதக் கை' என்பர். படத்தின் மூலையில் ஒரு வேலிக்கம்பி தெரிந்தாலும் நடுவர், மனிதக் கை என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். ஆயினும் விதியில் ஒரு விலக்கு உண்டு: மனிதர் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிக்கொண்ட உயிரின் கதைக்கு அப்பொருள் இன்றியமையாதது எனில் அது இருக்கலாம் என்றும், அதற்கு எடுத்துக்காட்டாகக் கூகையும் நாரையும் என்றும் அவ்விலக்கே பெயர் சொல்லிக் கூறுகிறது.

அவ்வாறு பெயர் சொல்லப்பட்ட நாரைதான் தள்ளுபடியானது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய உறுப்பினர் ஒருவர், கூந்தன்குளம் என்னும் ஊரில் வீட்டுக்கொல்லை மரத்தில் கூடு கட்டியிருந்த மஞ்சள்மூக்கு நாரையையும், அதன் கீழே ஓட்டுக்கூரையின் ஒரு முனையையும், கொடியில் காய்ந்த சேலையையும் சேர்த்து எடுத்திருந்த படம் அது. ஐரோப்பியப் புகைபோக்கியின்மேல் நிற்கும் வெண்நாரை விதிக்குள் அடங்கும்போது, கொல்லை மரத்து நாரை அடங்காமற் போனதற்கு விதியைவிட நடுவரின் கண்ணே காரணம். புகைபோக்கி அவருக்குப் பழகிய காட்சி, சேலை அவ்வாறன்று.

கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்கு வரும் விருந்தாளிகள் அல்ல, பிள்ளைகள். அவை வந்தால் மழையும் விளைச்சலும் வரும் என்று நம்பும் அவ்வூரார், குஞ்சுகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலே வயலுக்கு எரு. வேடந்தாங்கல் மக்களோ, பறவையைச் சுடலாகாது என்று 1798இலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் கவுல் என்னும் உறுதிச்சீட்டு வாங்கியவர்கள். அப்போது ஒளிப்படமே பிறந்திருக்கவில்லை. பிரிட்டனிலோ பறவையைப் பார்க்க மரக்கூண்டுக்குள் மறைந்து, தெர்மாஸ் தேநீரோடு வாய்திறவாமல் அமர்ந்திருக்க வேண்டும். பாத்திரம் விளக்கும் ஓசைக்கு அசையாமல் தலைக்குமேல் குஞ்சுக்கு இரையூட்டும் பறவையை இந்நாட்டவர் கண்டறியார். கண்டு வளர்ந்தவருக்கு இங்குள்ள நவம்பர் மாலை நான்கரை மணி இருட்டில் நினைவுக்கு வருவதும் அவ்வோசைதான்.

கழகத்தை உலகெங்கும் வளர்க்க விரும்பும் இதழாசிரியர்கள் அயல்நாட்டு உறுப்பினரிடம் கட்டுரை கேட்கின்றனர், படம் கேட்கின்றனர். படத்தின் பின்புலத்தைக் கேட்பது அரிது. தாமே பொருத்திக்கொண்டு 'சூப்பர் பாண்டரோசா' என்று செல்லப்பெயரிட்ட கேமராவால் யானைகளை எடுத்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் எழுதிவந்த பத்தியில் காட்டுவிலங்கோடு வீட்டு முற்றத்து அணிலுக்கும் காகத்துக்கும் இடமிருந்தது. முற்றத்தை இயற்கைக்கு வெளியே நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை.

ஓரத்தை வெட்டுவது விதிக்கு உட்பட்டதே, கீழ்ப்பகுதியை நீக்கினால் அடுத்த சுற்றில் ஏற்கலாம் என்று நடுவர் கனிவுடன் யோசனை கூறினார். படத்துக்குரியவர் மறுத்துவிட்டு, அதனைத் திறந்த பிரிவு எனப்படும், எப்பொருளும் அடங்கும் போட்டிக்கு மாற்றிக்கொண்டார். கழக இதழின் அடுத்த வெளியீட்டுக்கும் அதே படம் சென்றிருக்கிறது, சேலையோடும் ஓட்டோடும்; இதழ் கேட்ட ஐம்பது சொல் குறிப்புக்கு ஈடாக, அந்த வீட்டுக்காரம்மாவைப் பற்றி அவர் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியுள்ளார்.