பட்டப்பெயர்

மாற்றல் உத்தரவு பள்ளியாண்டு முடியும்வரை காத்திருப்பதில்லை என்பதை எம் போன்ற இரயில்வே குமாஸ்தாக்கள் நன்கறிவோம். ஆண்டின் நடுவே புதிய வகுப்பில் போய் அமரும் நம் குழந்தையின் இந்தி உச்சரிப்பைக் கேட்டு நாலு பேர் நகைப்பர். ‘மதராசி’ என்பதே அதன் பெயராகிவிடும். பிள்ளை விளையாட்டென்று இதனைத் தள்ளிவிடலாகாது. பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி வரும் குழந்தைக்கு ஓமத்தண்ணீர் கொடுத்துப் பயனென்ன? இன்று இடைவேளையில் யாருடன் உண்டாய் என்று கேட்டுப் பார்ப்போம். விவரம் தெரிந்ததும் எதிர்வீட்டாரோடு சண்டைக்குப் போவதைக் காட்டிலும் வகுப்பாசிரியரை நேரில் காண்பதே நலம். பள்ளியில் குழந்தைகளை மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தடுக்கிறது. துன்பம் மிகுந்தால் குழந்தைகளுக்கென்றே 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

ஆனால் நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில், தமிழ் எழுத்தறியாத பிள்ளையை ‘இந்திக்காரன்’ என்று கேலி செய்வோர் யார்? நம் வீட்டுச் செல்வங்களே! பெரியவர்கள் கூடத்தில் பேசக் கேட்டன்றி இச்சொல்லை அவர்கள் வேறெங்கே கற்றிருப்பர்? வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுள் ஒருவன் ‘விடடா’ என்றாலே பல வேளை கேலி அடங்கிவிடுகிறது. ஆகவே புதிதாக வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் மாதம் துணையாக மூத்த பிள்ளை ஒருவரை அமர்த்தலாமென்பது எம் கருத்து. வரும் ஜூனில் மூன்று குடும்பங்கள் மாற்றலில் வருகின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கலாம்.