வீட்டுக்கு ஒரு பீர் குழாய்

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் குடிப்பதில்லை. (அம்மா, நீங்கள் படித்துக் கொண்டிருந்தால் தயவுசெய்து நம்பவும்.) ஆனாலும் போன மாதம் பத்துப் பதினைந்து ராத்திரி நான் கண் விழித்துப் படித்தது முழுக்க பீர் மெஷின்களைப் பற்றித்தான். இதே கவனத்தோடு தெர்மோடைனமிக்ஸ் படித்திருந்தால் அரியர் விழுந்திருக்காது.

எல்லாம் அண்ணனால் வந்தது. பெரியப்பா மகன். பத்து வருடமாக சிங்கப்பூரில் கட்டுமான வேலை. கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இப்போது புது வீடு கட்டிக் கொண்டிருக்கிறார். ஒரு நாள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். காபி மெஷின் மாதிரி ஒன்று. மேலே ஒரு கைப்பிடி, கீழே நுரை ததும்பும் கண்ணாடி டம்ளர்.

"தம்பி, இதுல எது நல்லதுன்னு பாத்து சொல்லு. நீதான மெக்கானிக்கல் படிக்கிற."

"எங்கண்ணா வைக்கப் போறீங்க?"

"நம்ம புது வீட்லதான். ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல ஒரு ப்ளக் பாயிண்ட் விடச் சொல்லியிருக்கேன்."

சிங்கப்பூரில் வீட்டில் குடிப்பது சாதாரண விஷயம். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியா கலவரம் நடந்த பிறகு, 2015-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. அதனால் அண்ணன் இந்த மெஷினை நண்பர்கள் வீட்டில் பார்த்திருக்கிறார். ஆசை வந்து விட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம். வீட்டுக்கு பீர் மெஷின் என்று தேடினால் மூன்று வகை கிடைக்கிறது.

முதலாவது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. 5 லிட்டர் தகர பீப்பாய், அடியில் ஒரு குழாய். அல்லது மேலே கைப்பம்பு. பம்பு அடித்தால் காற்று உள்ளே போகும், பீர் வெளியே வரும். சிக்கல் என்னவென்றால் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. அது பட்டவுடன் பீர் கெட ஆரம்பித்து விடும். திறந்தால் அன்றைக்கோ மறுநாளோ காலி செய்தாக வேண்டும். பத்துப் பேர் வரும் விருந்துக்குச் சரி. தனி ஆளுக்கு ஆகாது.

இரண்டாவது, அண்ணன் அனுப்பிய படத்தில் இருந்த மாதிரி மேஜை மேல் வைக்கிற மெஷின். 5 அல்லது 6 லிட்டர் பீப்பாயை உள்ளே வைத்து மூடினால் அதுவே குளிர வைத்துக் கொடுக்கும். திறந்த பிறகும் சுமார் 30 நாள் தாங்கும் என்று விற்கிறார்கள். பார்க்க அழகு, கழுவுவதும் சுலபம். ஆனால் பல மெஷின்கள் தங்களுக்கென்று செய்த பீப்பாயை மட்டும்தான் ஏற்கும். பிரிண்டரை மலிவாக விற்று இங்க்கில் காசு பார்க்கிற அதே கதை.

மூன்றாவது நிஜமான அமைப்பு. ஒரு சின்ன ஃபிரிட்ஜ், உள்ளே 19 லிட்டர் ஸ்டீல் பீப்பாய், கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், மேலே குழாய். இதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் இதில்தான் இன்ஜினியரிங் இருக்கிறது. பீர் 3, 4 டிகிரியில் இருந்தால் சுமார் 10 முதல் 14 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். சூடு ஏறினால் வாயு பீரை விட்டு வெளியே வரப் பார்க்கும், அப்புறம் டம்ளர் முழுக்க நுரைதான். குழாய் ரொம்பக் குட்டையாக இருந்தாலும் அதே கதி. ஆக்சிஜன் படாததால் வாரக்கணக்கில் கெடாது. பதிலுக்கு நாம் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பீர் ஓடும் குழாயைக் கழுவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு படிவு கட்டும், கிருமி குடியேறும், பீர் புளிக்கும். இன்னொன்று, மூடிய அறையில் சிலிண்டர் கசிந்தால் அது உயிருக்கே ஆபத்து.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். கூடவே எங்கள் ஊரில் இதை வைத்தால் என்ன ஆகும் என்றும் எழுதினேன். அங்கேதான் வண்டி பஞ்சர்.

தமிழ்நாட்டில் சில்லறையில் மது விற்பது 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக் மட்டும்தான். அங்கே பீர் என்றால் 650 மில்லி பாட்டில், இல்லையென்றால் டின். பீப்பாய் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து கொண்டு வரலாம் என்றால் ஒரு பயணிக்குத் தீர்வை இல்லாமல் 2 லிட்டர்தான். அப்படியே எங்கிருந்தாவது 19 லிட்டர் பீப்பாய் கிடைத்தாலும், தமிழ்நாட்டு விதிப்படி உரிமம் இல்லாமல் ஒருவர் கையில் வைத்திருக்கக் கூடிய பீர் 7.8 லிட்டர். அதாவது 12 பாட்டில். பீப்பாயை வீட்டுக்குள் வைத்த நிமிஷமே அண்ணன் குற்றவாளி. இத்தனையும் தாண்டி வந்தாலும், மே மாதத்தில் எங்கள் ஊரில் கரண்ட் போனால் மொத்தமும் நுரை.

"அதனால வேண்டாம்ணா, வெறும் ஷோகேஸ் பொம்மையா நிக்கும்" என்று முடித்திருந்தேன். அத்தோடு விட்டிருப்பேன். ராத்திரி அண்ணன் போன் செய்தார்.

"எனக்கில்லடா. அப்பாவுக்கு."

கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை.

பெரியப்பா கள்ளக்குறிச்சி டவுனில் மூட்டை தூக்குகிறவர். முப்பது வருடமாகக் குடிக்கிறார். பெரும்பாலும் மலைச் சாராயம். மலையில் வெல்லத்தோடு கடுக்காய், வேலம்பட்டை எல்லாம் போட்டு ஊறல் வைப்பார்கள். காய்ச்சி எடுத்ததை லாரி டியூபில் நிரப்பிக் கீழே இறக்குவார்கள். இத்தனை மெஷின்களைப் படித்த பிறகு யோசித்தால், அந்த லாரி டியூப்தான் எங்கள் ஊர் பீப்பாய். பிளாஸ்டிக் பாக்கெட்தான் டம்ளர். அழுத்தம் பார்க்க மீட்டர் இல்லை, குளிர வைக்க ஃபிரிட்ஜ் இல்லை. ஆனால் டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். பாக்கெட் விடியற்காலையிலேயே கிடைக்கும், குவார்ட்டர் விலையில் பாதிக்கும் குறைவாக. ராத்திரி முழுக்க லோடு இறக்கியவனுக்கு உடம்பு வலிப்பது விடியற்காலையில்தான்.

பெரியப்பாவிடமும் ஒரு தரப் பரிசோதனை இருந்தது. கொஞ்சம் தரையில் ஊற்றித் தீக்குச்சி உரசிப் போடுவார். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. சின்ன வயதில் நானும் அண்ணனும் அதை வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

2024 ஜூன் 18 அன்று கருணாபுரத்தில் விற்ற பாக்கெட்டும் எரிந்திருக்கும். ஏனென்றால் மெத்தனாலும் நன்றாக எரியும். நிறம் கிடையாது, வாசனையிலும் நாக்கிலும் நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. உடம்புக்குள் போன பிறகுதான் வித்தியாசம். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது முதலில் பிடிப்பது கண் நரம்பை. பத்து மில்லியில் பார்வை போகலாம், முப்பது மில்லியில் உயிரே போகலாம். அந்த வாரம் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டு போனார்கள். முதலில் செத்தவர் வீட்டு துக்கத்துக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகளில் வந்தது.

பெரியப்பா அந்த வாரம் முதுகுப் பிடிப்பில் வீட்டில் படுத்திருந்தார். அவரோடு மூட்டை தூக்கிய ஒருவர் போய் விட்டார். பெரியப்பா அழவில்லை. "நான் போயிருந்தா நானும் அந்த வரிசையிலதான் படுத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

உடனே மலை மேல் ரெய்டு. ஊறல் அழிப்பு என்று தினமும் பேப்பரில் படம். ஊறலில் சாராயம் வரும், ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. அது தொழிற்சாலைச் சரக்கு. எங்கேயோ ஒரு டேங்கில் இருந்து கை மாறி கை மாறி வந்தது. மலைக்காரர்களுக்குச் சாலையும் பிழைப்பும் சரியாக இல்லாததைப் பற்றி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாவு வழக்கு அந்த நவம்பரில் சி.பி.ஐ.க்குப் போனது. சட்டத்தில் தண்டனையை ஆயுள் வரைக்கும் ஏற்றினார்கள்.

பெரியப்பா செய்தது வேறு. அவர் அதற்குப் பிறகு பாக்கெட் தொடுவதில்லை. டாஸ்மாக் பாட்டில் மட்டும்தான். மூடி மேல் ஒட்டியிருக்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கரைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்து விட்டுத்தான் திறக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தீக்குச்சிக்குப் பதிலாக இப்போது ஸ்டிக்கர்.

அண்ணன் கணக்கு இதுதான். அப்பா இனிமேல் வெளியே எங்கேயும் குடிக்க வேண்டாம். வீட்டிலேயே, சுத்தமாக, 5 சதவீத பீர். "அவரு விடப் போறதில்லடா. அட்லீஸ்ட் நல்லத குடிக்கட்டும்."

தப்பான எண்ணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுபடியும் என் குறிப்புகளைப் புரட்டினேன். எந்த மெஷினை எடுத்தாலும் அது சொல்வது இரண்டே விஷயம்தான்: எவ்வளவு குளிர், எவ்வளவு அழுத்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மீட்டரும் சொல்லாது. பீப்பாயை நிரப்பியவன் யார், தப்பு நடந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா, அது மெஷினுக்கு வெளியே இருக்கிற கேள்வி. சிங்கப்பூரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே மெஷினின் கலரைப் பற்றிப் பேச முடிகிறது.

இன்னொன்றும் உறைத்தது. இந்த மெஷின்கள் எல்லாமே ஒரு வேகம் வைத்திருக்கின்றன. பம்பு வகை ஒரு நாள். மேஜை வகை ஒரு மாதம். 19 லிட்டர் வகை சில வாரம். கெட்டுப் போவதற்குள் முடி என்று பீப்பாய் சொல்லிக் கொண்டே இருக்கும். குவார்ட்டர் பாட்டிலுக்காவது ஒரு அடி இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சொல்லச் சொன்னார், அவருக்கே சொல்ல பயம். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். பெரியம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணிக் கொழா மாரி வூட்டுக்குள்ளியே வருமா?"

"ஆமா பெரியம்மா. நல்ல சரக்குதான். விஷமெல்லாம் இருக்காது."

"அவுரு இத்தன வருஷத்துல ஒரு நாளு வூட்டுக்குள்ள குடிச்சதில்ல. வெளிய குடிச்சிட்டு வருவாரு, திண்ணையில படுத்துக்குவாரு. அதனாலதான்டா இது வூடா இருக்குது. நீங்க அதுக்கும் கொழா போட்டு வுடாதீங்க."

நான் எடுத்த குறிப்புகள் ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை. எத்தனை லிட்டர், எத்தனை பி.எஸ்.ஐ., எத்தனை நாள் என்று கேட்டேனே தவிர, அந்த வீட்டில் இருக்கிற இன்னொரு ஆளுக்கு அந்தக் குழாய் என்னவாக இருக்கும் என்று கேட்கவே இல்லை.

அண்ணனிடம் அப்படியே சொன்னேன். ரொம்ப நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "சரிடா" என்றார். பெரியப்பா இன்னும் குடிக்கிறார். ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து, மதியத்துக்கு மேல். போன வாரம் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே விட்ட ப்ளக் பாயிண்டில் இப்போது பெரியம்மாவின் கிரைண்டர் ஓடுகிறது.

பி.கு: எங்கேயாவது சட்டப்படி பீப்பாய் கிடைக்கிற ஊரில் இருந்து கொண்டு நிஜமாகவே மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு: பீப்பாயை யார் நிரப்புகிறார்கள், வேறு கம்பெனி பீப்பாய் பொருந்துமா, திறந்தால் எத்தனை நாள், குழாயைக் கழுவப் போவது யார் என்று இந்த வரிசையில் கேளுங்கள். ஐந்தாவது கேள்வியை வீட்டில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். முடிந்தால் அதை முதலில் கேளுங்கள்.