வளைந்த குழாயும் ஒரு பழைய பாக்கியும்



சென்ற வாரம் தம்பியின் மிளகாய்த் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயில் நாலைந்து டிரிப்பர்கள் உப்பு படிந்து அடைத்துக்கொண்டன. ஒன்றைப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து நெளிந்த சின்ன வாய்க்கால். பார்த்ததும் ஒரு பழைய கேள்வி நினைவுக்கு வந்தது.

பிளஸ் ஒன்னில் பாய்ஸொய் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் பாய்வு 16-இல் ஒரு பங்காகும் என்று போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், குழாயை வளைச்சா?" என்றான். வகுப்பு சிரித்தது. "பரீட்சைக்கு வராததைக் கேக்காத, உக்காரு" என்றேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

உண்மையில் எனக்குப் பதில் தெரியாது.

பதில் நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது. 1911-இல் இங்கிலாந்தில் ஜான் யூஸ்டிஸ் வளைந்த குழாய்களில் சாயம் விட்டுப் பார்த்தார். சாய இழை குழாயோடு ஒழுங்காகத் திரும்பாமல் பக்கவாட்டில் விலகியது. 1927-இல் டபிள்யூ. ஆர். டீன் அதற்குக் கணக்குப் போட்டார். பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்கிறோமே, அதுபோலக் குழாயின் நடுவில் வேகமாக வரும் நீர் வெளிச்சுவர்ப் பக்கம் ஒதுங்குகிறது. சுவரை ஒட்டிய மெதுவான நீர் உள்பக்கம் திரும்பி வருகிறது. இப்படி இரண்டு சுழல்கள் ஜோடியாகச் சுற்றிக்கொண்டே முன்னால் போகின்றன. அந்தச் சுற்றலுக்கும் அழுத்தம் செலவாகும். அதே அளவு நீர் போக, நேர்க்குழாயைவிட அதிக அழுத்தம் தேவை.

ஆனால் இதற்கு நீரில் வேகம் இருக்க வேண்டும். நம் உடம்பின் தந்துகிகளில் இரத்தம் ஊர்ந்துதான் போகிறது. அங்கே வளைவு பெரிதில்லை, குறுகலும் நீளமும்தான் கணக்கு.

டிரிப்பரில் நிலைமை வேறு. 10 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்தில் 1 மி.மீ. வெறும் ஓட்டை மணிக்குச் சுமார் 24 லிட்டர் விடும். நமக்கு வேண்டியது 4 லிட்டர். ஓட்டையைச் சுருக்கியே குறைப்பதென்றால் 0.4 மி.மீ. ஆக்க வேண்டும்; சின்ன மண்துகளே அடைத்துவிடும். அதனால் 1960-களில் இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் வழியைச் சுருளாக நீட்டி அழுத்தத்தைக் கரைத்தார். இப்போது வருபவற்றில் திருப்பத்துக்குத் திருப்பம் நீர் முட்டிச் சுழன்று வேகம் இழக்கிறது. வழி அகலமாகவே இருக்கலாம், நீர் சொட்டுச் சொட்டாக வரும். நாம் 'இழப்பு' என்று எழுதிக் கழித்ததுதான் இங்கே வேலையே.

அந்தப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. "எனக்குத் தெரியலப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

அந்த பேட்ச்காரர்கள் யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.